மா என்னும் ஒருசொல்

ஓரெழுத்தே சொல்லாய் நின்று பொருள் பயத்தல் தமிழிற் பெருவழக்கு. அவ்வாறு வருவன நாற்பத்திரண்டென வகுத்தார் நன்னூலார். அவற்றுள் ஒன்றாகிய 'மா' என்பது பெருமை, விலங்கு, குதிரை, மாமரம், அரிசி முதலியவற்றின் பொடி, இருபதில் ஒரு கூறு எனப் பல பொருள் தரும். இவ்வொலி பிறநாட்டு மொழிகளிலும் சொல்லாய் வழங்குகின்றது. சீனத்தில் ஒலியின் ஏற்றவிறக்க வேறுபாட்டால் தாய், நார்ச்செடி, குதிரை, வைதல் என நாற்பொருள் படும். ஜப்பானியத்தில் இடைவெளியையும், ஹங்கேரி மொழியில் இன்றைய நாளையும், பண்டைச் சுமேரியத்திற் படகையும் உணர்த்தும். இவ்வொற்றுமை கண்டு இவையெல்லாம் ஒரு வேரின என்று துணியலாமோ எனின், ஆராய்ந்தன்றித் துணிதல் சாலாது.

தமிழினுள்ளேயே ஒலியொன்றாய் நின்ற சொற்கள் வேறாதலைத் தொல்காப்பியனார் புணர்ச்சியால் விளக்கினார். மரப்பெயராகிய மா மெல்லெழுத்து மிக்கு 'மாங்கோடு' எனவும், விலங்கின் பெயராகிய மா னகரம் பெற்று 'மான்கோடு' எனவும் முடியும். செவிக்கு ஒன்றாய்த் தோன்றுவன இலக்கணத்தின்முன் இரண்டாயின.

அற்றேல், குதிரையைக் குறிக்குஞ் சீனச்சொல்லும் தமிழ்ச்சொல்லும் ஒலியும் பொருளும் ஒத்தலின் உறவுடையவாகாவோ எனின், ஆகா. சீனச்சொல் பண்டு மகரத்தின்பின் ரகரம் உடையதாயிருந்தது என்பர் அறிஞர். அதனோடு இனமாகிய பர்மியச் சொல்லின் எழுத்தில் அந்த ரகரம் இன்றுங் காணப்படும். தமிழ்ச்சொல்லோ விலங்கெனும் பொதுப்பொருளினின்று குதிரைக்குச் சிறந்து நின்றது. ஆகவே, பின்னோக்கிச் செல்லுந்தோறும் ஒற்றுமை தேய்கின்றது.

இதற்கு மறுதலையானதும் உண்டு. வடமொழியில் 'மா' என்பது விலக்குப் பொருளது. கிரேக்கத்தில் அது 'மே' எனவும், ஆர்மீனியத்தில் 'மி' எனவும் வரும். ஒலி வேறுபட்டும் இவை ஒரு குடியினவே, என்னை? தந்தையைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லின் இரண்டாமசையில் நிற்கும் ஏகாரம் வடமொழிப் 'பிதா' என்பதில் ஆகாரமாதல்போல, இத்திரிபு நெறிப்பட்டு வருதலின் என்க. அரபியிலும் 'மா' எதிர்மறைப் பொருள் தரும். ஆயினும் அது 'என்ன' என்னும் வினாச்சொல்லினின்று பிறந்தது என்பர் அம்மொழி வல்லார். ஒத்தது உறவன்று, ஒவ்வாதது உறவாயிற்று.

இனி, ஒற்றுமைக்கு வேறு காரணங்களும் உள. தமிழ் மலையாளங்களின் மாங்காய், மாங்ங என்பன போர்ச்சுகீசியர் வாயில் 'மங்கா' எனவும், ஆங்கிலர் வாயில் 'மாங்கோ' எனவும் ஆயின, இது கடன். தாயைக் குறிக்கும் மகரச் சொற்கள் பன்மொழிகளிற் காணப்படுதல் குழவியர் இதழ்கூட்டி எளிதின் ஒலித்தலான் ஆவதென்று யாக்கோப்சன் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். ஜார்ஜிய மொழியிலோ 'மாமா' என்றது தந்தையை!

ஆகவே, ஒலியொப்புமைக்குக் குடிமை, கடன், குழவிமொழி, தற்செயல் என நான்கு வாயில்கள் உண்மை பெறப்படும். எவ்வாயிலென்று ஆராயாது, ஒருசொல்லைப் பற்றி உலகமொழிகளெல்லாம் தமிழினின்று தோன்றினவென்பார் தமிழுக்கு ஆக்கந் தேடுவாரல்லர். மெய்யான சான்றுகளையும் பிறர் ஐயுறச் செய்வாராவர். 1816-இல் எல்லிசும் 1856-இல் கால்டுவெல்லும் தென்மொழிகளின் உறவை நாட்டியது தனிச்சொல் ஒன்றால் அன்று. வேர்ச்சொற்களையும் இலக்கண அமைதியையும் நிரல்பட ஒப்புநோக்கியே. தமிழின் தொன்மை அதன் நூல்களிலும் கல்வெட்டுக்களிலும் உறுதிபெற நிற்றலின், அதற்கு இரவற் சான்று வேண்டுவதின்று.