உளநூல் தமிழில் வந்த வரலாறு



வானொலிப் பெட்டியிலிருந்து ஒருவர் பேசுகிறார், நீங்கள் கேட்கிறீர்கள். உங்கள் செவியை வந்து அடைவது எது? காற்றின் அதிர்வு மட்டுமே. அந்த அதிர்வில் பொருள் இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளிகூடப் பெரும்பாலும் இல்லை. ஐயம் உடையவர் பெட்டியின் திருகைச் சற்றே திருப்பித் தமக்குத் தெரியாத மொழி ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். ஒலி வெள்ளமாக ஓடும். எங்கே ஒரு சொல் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது விளங்காது. மீண்டும் தமிழ் நிலையத்திற்குத் திரும்பினால் சொற்கள் மணி மணியாகப் பிரிந்து கேட்கும். இரண்டிடத்தும் செவி ஒன்றே. வேறுபாடு மனத்தில் உள்ளது.

இந்த வேறுபாடே உளநூலின் முதற்பாடம். கண், செவி முதலிய பொறிகளின் வாயிலாக வரும் வெறுஞ் செய்தியைப் புலன் உணர்ச்சி என்பர். அச்செய்திக்கு மனம் பொருள் கண்டுகொள்வதைப் புலன்காட்சி என்பர். கண்டதையும் கேட்டதையும் அறிந்தவாறு விழித்திருக்கும் நிலை நனவு எனப்படும். இம்மூன்று சொற்களையும் இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மேனாட்டு ஆய்வுக் கூடங்களில் பிறந்த ஒரு கல்வி இத்தகைய தமிழ்ச் சொற்களோடு நம் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது தனி வரலாறு. அதில் கொங்கு நாட்டுக்குச் சிறந்த பங்கு உண்டு.

முதலில் பழமையை ஒருமுறை நோக்குவோம். உயிர்களை அறிவு வகையால் ஆறாகப் பகுத்தவர் தொல்காப்பியர். தொடுவுணர்ச்சி ஒன்றே உடையவை புல்லும் மரமும். அதன்மேல் நா, மூக்கு, கண், செவி என ஒவ்வொன்றாகக் கூடுகின்றன. ஆறாவதாக மனத்தை வைத்து, அதனை மக்களுக்கு உரியதாக்கினார். எறும்பை அவர் மூன்றறிவு உயிர்களோடு சேர்த்தார். எறும்புக்குக் கண் உண்டு என்று இன்றைய உயிரியல் கூறும். ஆதலால் இப்பகுப்பை ஆய்வுக்கூட முடிவாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், ஐந்து பொறிகளோடு அறிவு முடிந்துவிடுவதில்லை, அவற்றுக்கு அப்பால் மனம் என ஒன்று வேண்டும் என்று கண்டது பெரிய சிந்தனையே ஆகும்.

அந்தச் சிந்தனையை அளவுகோல் கொண்டு அளக்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டு. ஜெர்மனியில் லைப்சிக் நகரப் பேராசிரியர் வெபர் 1834இல் தொடுவுணர்ச்சி பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். எடையில் எவ்வளவு கூடினால் கைக்குத் தெரியும் என்பது அவர் எழுப்பிய வினாக்களுள் ஒன்று. அது நிலையான ஓர் அளவு அன்று. முன்பே கையில் உள்ள எடையைப் பொறுத்தது என்று கண்டார். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு மூட்டையில் ஒரு கைப்பிடி மஞ்சள் கூடியது தெரியாது. உள்ளங்கையில் நான்கைந்து கிழங்குகளை வைத்திருப்பவருக்கோ ஒரு கிழங்கு கூடினாலும் தெரிந்துவிடும். 1860இல் பெக்னர் என்பார் இதனைக் கணித வடிவில் விரித்து நூல் எழுதினார். 1879இல் அதே லைப்சிக் நகரில் வுண்ட் என்னும் அறிஞர் உளநூலுக்கென்றே ஆய்வுக்கூடம் நிறுவினார். தத்துவத்தின் கிளையாக இருந்த துறை அன்று முதல் தனி அறிவியல் ஆயிற்று.

கருவி எதுவும் இன்றி நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரு கைகளையும் முன்னே நீட்டிக் கட்டைவிரல்களை அருகருகே நிமிர்த்துங்கள். இடக்கண்ணை மூடுங்கள். வலக்கண் இடக் கட்டைவிரலையே நோக்கியிருக்க, வலக் கட்டைவிரலை மெல்ல வலப்புறமாக நகர்த்துங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தொலைவில் அந்த விரலின் நுனி மறைந்து போகும்! கண்ணின் பின்திரையில் நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை வாங்கும் உயிரணுக்கள் இல்லை. அதனைக் குருட்டுப் புள்ளி என்பர். ஆயினும் உலகில் ஓர் ஓட்டை இருப்பதாக நாம் என்றேனும் கண்டதுண்டா? இல்லை. சுற்றுப்புறத்தைக் கொண்டு அந்த வெற்றிடத்தை மூளை நிரப்பிவிடுகிறது. கண் அனுப்பாததையும் நாம் காண்கிறோம் என்பதே இதன் பொருள்.

அந்த மூளையின் எடை ஏறக்குறைய 1,400 கிராம். அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. மான்ட்ரியால் நகர அறுவை மருத்துவர் பென்பீல்டு, நோயாளி விழித்திருக்கையிலேயே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டு ஆராய்ந்தார். ஓரிடத்தைத் தொட்டால் நோயாளி தம் கையில் ஏதோ உணர்வதாகச் சொன்னார்; மற்றோரிடத்தைத் தொட்டால் முகத்தில் என்றார். உடல் முழுதுக்கும் மூளையில் ஒரு வரைபடம் இருப்பது இவ்வாறு புலனாயிற்று. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் இதனை மேலும் விளக்கினார். கையை இழந்த ஒருவரின் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத கையின் விரல்களைத் தொடுவதாக அவர் உணர்ந்தார். மூளை வரைபடத்தில் முகமும் கையும் அண்டை வீடுகள். கையிலிருந்து செய்தி வருவது நின்றபின், அந்த வெற்றிடத்தில் முகத்தின் செய்தி குடியேறிவிட்டது எனலாம். இத்தகைய செய்திகளையெல்லாம் 2003ஆம் ஆண்டில் பி.பி.சி.யின் ரீத் சொற்பொழிவுகளாக அவர் வானொலியிலேயே வழங்கினார்.

இனி இந்தியாவுக்கு வருவோம். 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் என். என். சென்குப்தாவின் பொறுப்பில் உளநூற்கெனத் தனித்துறை தொடங்கியது. 1924இல் மைசூரில் எம். வி. கோபாலசுவாமியின் தலைமையில் மற்றொன்று எழுந்தது. இவர் லண்டனில் பயின்றவர். இவரை வானொலி நேயர்கள் சிறப்பாக நினைவுகூர வேண்டும். 1935இல் மைசூரில் தம் இல்லத்திலேயே சிறியதொரு வானொலி நிலையத்தை நிறுவியவர் இவரே! ஆகாசவாணி என்று அந்நிலையத்துக்கு வழங்கிய பெயரே பின்னாளில் நாடெங்கும் பரவியது. 1943இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. டி. போவாஸ் தலைமையில் உளநூல் துறை அமைந்தது.

கல்கத்தா, மைசூர், சென்னை ஆகிய மூன்றிடத்தும் பாடமொழி ஆங்கிலம். துறை நாட்டுக்குள் வந்துவிட்டது. மக்கள் மொழிக்குள் வரவில்லை. அப்பணிக்குக் கொங்கு நாட்டில் களம் அமைந்தது.

திருப்பூரைச் சேர்ந்த தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கினார். பெரியநாயக்கன்பாளையத்தில் அது வளர்ந்தது. அங்கே ஆசிரியராகப் பணியாற்றியவர் பெ. தூரன். 1908இல் ஈரோட்டுக்கு அருகே மஞ்சக்காட்டுவலசில் வேளாண் குடியில் பிறந்தவர். கவிஞர், இசைப்பாடல் இயற்றியவர் என்றே பலரும் அவரை அறிவர். ஆனால், குழந்தை உள்ளம், குமரப் பருவம், தாழ்வு மனப்பான்மை, அடிமனம் முதலிய உளநூல் ஏடுகளைத் தமிழில் ஆக்கியவரும் அவரே. 1946இல் அவினாசிலிங்கம் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியபின், அதன் கலைக்களஞ்சியத்துக்குத் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியர் ஆனார். 1954இல் முதல் தொகுதியும் 1968இல் பத்தாம் தொகுதியும் வெளிவந்தன.

அந்நூற் பெயர்களைச் சற்று உற்று நோக்குங்கள். அடிமனம் என்ற சொல்லைக் கேட்ட உழவருக்கும் அதன் சாயல் விளங்கும். கிணற்றின் அடி, பானையின் அடி, மனத்தின் அடி. மேலே தெரியாமல் கீழே கிடப்பது. தாழ்வு மனப்பான்மை என்பதற்கு அகராதி வேண்டியதில்லை. நனவு என்ற சொல்லும் அவ்வாறே. கனவுக்கு எதிராக நனவு என்று பழந்தமிழர் வழங்கியதையே உளநூலார் எடுத்து, மனத்தின் விழிப்பு நிலைக்குப் பெயராக்கினர். பழைய சொல்லுக்குப் புதிய பணி கிடைத்தது. புதிய கருத்துக்குப் பழகிய முகம் கிடைத்தது.

அடுத்த படி 1960இல் நிகழ்ந்தது. பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்த சி. சுப்பிரமணியம் கல்வியமைச்சராக இருந்த காலம் அது. கோவை அரசினர் கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்புப் பாடங்களைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி தொடங்கியது. கலைச்சொல் எங்கே, பாடநூல் எங்கே, படித்து முடித்தபின் வேலை எங்கே என்ற வினாக்கள் எழுந்தன. முதல் இரண்டு வினாக்களுக்கு விடையாக நூல்கள் எழுதப்பட்டன. மூன்றாம் வினாவின் அச்சம் இன்றும் பல பெற்றோர் நெஞ்சில் இருக்கிறது. அதனைப் பழித்தல் தகாது. ஆங்கிலத்தையும் நன்கு கற்றுக்கொடுத்துத்தான் அதனைப் போக்க வேண்டும்.

ஆனால் உளநூல் இங்கே நமக்கு ஓர் உண்மையை உரைக்கிறது. 1984இல் வெர்க்கர், டீஸ் என்னும் இரு கனடா நாட்டு ஆய்வாளர்கள் குழந்தைகளின் செவியை ஆராய்ந்தனர். ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் ஆறேழு மாதக் குழந்தைகள், இந்தி மொழிக்கே உரிய ஒலி வேறுபாடுகளையும் பிரித்துணர்ந்தன. ஓராண்டு நிறைவதற்குள் அத்திறன் பெரிதும் குன்றிவிட்டது. செவி கெடவில்லை, வீட்டில் வழங்கும் மொழிக்கு ஏற்ப மனம் தன்னை அமைத்துக்கொண்டது. லகர, ளகர, ழகர வேறுபாட்டை நம் வீட்டுக் குழந்தை இலக்கணம் படிக்குமுன் அறிவதும் இவ்வாறே. புதிதாக வரும் எச்செய்தியையும் மனம் தன்னிடம் முன்பே உள்ளதைக் கொண்டுதான் பொருள்படுத்துகிறது.

இதனை வகுப்பறையில் நான் பலமுறை கண்டதுண்டு. ஒருமுறை ஆங்கில வழி வகுப்பொன்றில் புலன்களைப் பற்றி வினவினேன். ஒரு மாணவன் எழுந்து நின்று, பாடநூலில் உள்ள வரையறையை எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தான். "உன் வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல், தம்பி" என்றேன். அவன் வாய் திறக்கவில்லை. "தமிழிலேயே சொல்" என்றேன். சற்றே எண்ணிப் பார்த்தவன், "சந்தையில எத்தனை சத்தம் இருந்தாலும் எங்கம்மா கூப்பிட்டா எனக்குத் தெரிஞ்சிருமுங்க, ஐயா" என்றான். பல ஒலிகளுள் ஒன்றை மனம் தேர்ந்துகொள்வதைக் கவனம் என்பர் உளநூலார். நூலில் அன்று நாங்கள் படிக்காத பாடத்தை அவன் தன் வாழ்விலிருந்து எடுத்து வைத்தான். முதலில் அவன் ஒப்புவித்தது செவி பெற்ற செய்தி. பின்னர்ச் சொன்னது மனம் கண்ட பொருள்.

மாணவ நண்பர்களே! தூரன் போன்றோர் தமிழில் உளநூல் எழுதியது வெறும் மொழிப் பற்றினால் மட்டும் அன்று என்பது இப்போது விளங்கும். புரியாத சொல் எவ்வளவு உயர்ந்த அறிவைச் சுமந்து வந்தாலும், கேட்பவனுக்கு அது ஒலியே. புரிந்த சொல்லாய் வந்தால்தான் அது அறிவாகும். இன்று நரம்பியல் நாள்தோறும் புதிய செய்திகளைத் தருகின்றது. அவற்றுக்குத் தமிழில் பெயர் சூட்டும் பணி நின்றுவிடக் கூடாது. நீங்கள் எந்த மொழியில் படித்தாலும் சரி. இன்று கற்ற ஒரு கருத்தை இரவு உணவின்போது உங்கள் பாட்டிக்கு அவர் மொழியில் சொல்லிப் பாருங்கள். அவர் தலையசைத்து ஒரு கேள்வி கேட்டால், பாடம் உங்கள் மனத்தைச் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். சொல்ல முடியாமல் தடுமாறினால், அது இன்னும் செவியிலேயே நிற்கிறது. மறுநாள் மீண்டும் ஒருமுறை படியுங்கள்.