விதைத் தேயிலையும் வீபி தேயிலையும்

‘நிறமூர்த்தம்’ என்ற சொல்லில் நிறம் எப்படி வந்தது? தமிழ் படித்தவன் என்பதால் பிள்ளைகள் இந்தக் கேள்வியை என்னிடம்தான் கொண்டு வருவார்கள். சாயம் ஏற்றிப் பார்த்தபோதுதான் கலத்தின் கருவுக்குள் அந்தத் துண்டுகள் தெளிவாகத் தெரிந்தன. அதனால் 1888இல் ஜெர்மானியரான வால்டையர் ‘நிறமுள்ள உடல்’ என்ற பொருளில் கிரேக்கப் பெயர் வைத்தார். நம்மவர்கள் அதைத் தமிழாக்கினார்கள். நல்ல சொல்தான். ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்த உருவத்தின் பெயர், உள்ளே இருந்த பொருளின் பெயரல்ல.

பொருளைக் கண்டவர் வேறொருவர். 1869இல் மீஷர் என்ற இளம் சுவிஸ் மருத்துவர், காயக்கட்டுத் துணிகளில் ஒட்டியிருந்த சீழின் கலங்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். இன்றைய டி.என்.ஏ. அதுதான். பரம்பரையைச் சுமப்பது அதுவே என்று ஏவெரியும் சகாக்களும் காட்ட 1944 ஆகிவிட்டது. அதுவரை பலரும் நிறமூர்த்தத்திலுள்ள புரதத்தையே சந்தேகித்தார்கள்.

பெயர் இரண்டு என்பதால் பிள்ளைகள் பொருளும் இரண்டு என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு நிறமூர்த்தம் என்பது புரதத்தில் சுற்றி மடித்து வைத்த ஒரே நீண்ட டி.என்.ஏ. இழை. தேயிலைக் கலத்தில் இப்படி 30. எல்லா இழைகளையும் பிரித்து வரிசையாக நீட்டினால் சுமார் 2 மீற்றர் வரும்!

இந்த 30இல் 15 தாய்ச் செடியினுடையவை, 15 மகரந்தம் தந்த செடியினுடையவை. தேயிலை பெரும்பாலும் தன் மகரந்தத்தில் விதை பிடிக்காது. ஆகவே 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கியது முதல், விதை போட்டு உண்டாக்கிய மலைகளில் ஒரு செடி போல இன்னொன்று இல்லை. கொழுந்து எடுக்கிறவர்களைக் கேட்டால், “இது நல்லா குடுக்கும், அது சும்மா நிக்கும்” என்பார்கள்.

1925இல் தொடங்கி, பின்பு தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையம், நல்ல செடியின் ஓர் இலையும் கணுவும் உள்ள துண்டை வேர்பிடிக்க வைக்கும் முறையைப் பரப்பியது. நாம் சொல்லும் ‘வீபி’ இதுதான். இங்கே இரண்டு செடிகளின் கலப்பு இல்லை. கலம் பிரியுமுன் ஒவ்வொரு இழையும் படியெடுக்கப்படுகிறது; தாய்ச் செடியின் அதே 30 மலை முழுக்க நிற்கிறது. டிஆர்ஐ 2025 போன்ற இனங்களால் விளைச்சல் கூடியது, மறுப்பதற்கில்லை.

எனக்குள்ள பயம் கோப்பியால் வந்தது. யெமனிலிருந்து சில செடிகளாகப் புறப்பட்டு உலகமெங்கும் பெருகிய அரேபிக்காவில் பரம்பரை வேறுபாடு மிகக் குறைவு. மீஷர் சீழை ஆராய்ந்த அதே 1869இல் இலங்கையில் இலைத்துரு கண்டறியப்பட்டது. இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் சரிந்தன. வீபி மலையிலும் ஒரு செடியைச் சாய்க்கும் நோய் பக்கத்துச் செடியையும் சாய்க்கும்.

ஆராய்ச்சி நிலையம் பலவகைச் செடிகளைச் சேர்த்து வளர்க்கிறது. ஆனாலும் விதைத் தேயிலையை ‘வயசான மலை’ என்று பிடுங்குமுன், ஒவ்வொரு மலையிலும் திடமாக நிற்கும் பத்துச் செடியிலாவது துண்டெடுத்து வைத்தார்களா என்று தோட்டத்துச் சங்கங்கள் கேட்கலாமே.