நாளவழிப் போசணையும் குடலழற்சி நோயும்

உண்ணாத உடலை வாழவைக்க இயலுமா என்ற வினா பழைமையானது. 1656இல் கிறிஸ்தோபர் றென் இறகுத் தண்டின் வழியே நாயொன்றின் நாளத்தினுள் மதுவைச் செலுத்தினார். ஆயினும், நாளவழியே முழுப் போசணையும் அளித்தல் நெடுங்காலம் கைகூடவில்லை. செறிந்த குளுக்கோசுக் கரைசல் கைநாளங்களை அழற்சியுறச் செய்தது. ஐதாக்கினால் உடல் தாங்கவியலாத அளவு நீர் வேண்டியிருந்தது.

1960களில் இத்தடை நீங்கியது. சுவீடனில் ஆவிட் றெற்லின்ட் சோயா எண்ணெயிலிருந்து பாதுகாப்பான கொழுப்புக் குழம்பை ஆக்கினார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரான்லி டட்ரிக், ஜொனதன் றோட்ஸ் ஆகியோர் இதயத்தை அண்மிய பெருநாளத்தினுள் கரைசலைச் செலுத்தினர்; அங்கு விரைந்து பாயும் குருதி அதனை உடனே ஐதாக்கியது. இவ்வாறு மட்டுமே ஊட்டப்பெற்ற நாய்க்குட்டிகள் இயல்பாக வளர்ந்தன.

இக்கண்டுபிடிப்பு கடும் குடலழற்சி நோயாளருக்கு நம்பிக்கையளித்தது. 1932இல் குறோனும் சகாக்களும் நியூயோர்க்கில் விவரித்த நோயில் உண்பது வேதனை, உண்ணாமையோ மெலிவு. மெலிந்த உடல் சத்திரசிகிச்சையைத் தாங்குவதரிது. எனவே, நாளவழி ஊட்டிக் குடலுக்கு ஓய்வளித்தால் புண் ஆறும் என்ற கருத்து வலுப்பெற்றது.

அக்கருத்தை 1988இல் வெளியான ஆய்வொன்று சோதித்தது. 51 குறோன் நோயாளருள் ஒரு சாராருக்கு நாளவழியும், ஒரு சாராருக்கு மூக்குக்குழாய் வழியும், ஏனையோருக்கு வாயுணவோடு பகுதி நாளவழியும் போசணை அளிக்கப்பட்டது. நோய் தணிவதிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குடலின் ஓய்வு தீர்க்கமான காரணியன்று என்பது புலனாயிற்று. குருதித் தொற்று அபாயமும் நாளவழிக்கே உரியது.

ஆதலின், குடல் அடைபட்டோருக்கும் செயலிழந்தோருக்குமே இம்முறை இன்று பெரிதும் ஒதுக்கப்படுகின்றது. நோயைத் தீர்க்கும் மருந்தாக எதிர்பார்க்கப்பட்டது, உயிரைத் தாங்கும் துணையாக நிலைபெற்றது எனலாம்.