நெடுங்கோட்டைக்கு யார் காவல்?

ஹைதர் அலி 1766-ல் எழுப்பிய பாலக்காட்டுக் கோட்டையை, 1783 நவம்பரில் கம்பெனித் தளபதி புல்லர்ட்டன் பிடித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். சென்னை அரசு திப்புவோடு சமாதானம் பேசிக்கொண்டிருந்ததால், மேலே போகாதே, பிடித்ததை விட்டுவிட்டுத் திரும்பு என்று அவருக்கு உத்தரவு வந்தது. அவரை நம்பி வந்த கோழிக்கோட்டுச் சாமூதிரி வம்சத்தார் நட்டாற்றில் விடப்பட்டார்கள். அடுத்த மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தானது. திருவிதாங்கூர் மன்னர் கம்பெனியின் நண்பர் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. மன்னர் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா அந்த வாசகத்தைப் பெரிதும் நம்பினார்.

மலபாரில் திப்புவின் அடக்குமுறை கடுமையானபோது அரச குடும்பத்தாரும் நாயர்களும் நம்பூதிரிகளும் தெற்கே ஓடிவந்தார்கள். ராமவர்மா அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். திப்புவின் கணக்கில் அவர்கள் கலகக்காரர்கள். பிடித்துக் கொடு என்று கேட்டார், மன்னர் இசையவில்லை. என் நாட்டுக் கலகக்காரனுக்கு நீ சோறு போடுகிறாய் என்று ஒரு அரசு பக்கத்து அரசைக் குற்றம் சாட்டுவதை இன்றும் செய்தித்தாளில் படிக்கிறோம்.

எல்லையில் நின்றது நெடுங்கோட்டை. கொடுங்கல்லூர்க் கடலோரத்திலிருந்து ஆனைமலை அடிவாரம் வரை சுமார் 30 மைல். வடக்கே பாலக்காட்டுக் கணவாய், தெற்கே இன்றைய இடுக்கி மாவட்டத்து உயர்ந்த மலைகள். நடுவில் மலைக்காடே மதிலாகிவிடுவதால் சுவர் அங்கே முடிந்தது. ஆழமான அகழி, புகமுடியாத மூங்கில் வேலி, அதன் பின்னே மண்மேடும் கொத்தளங்களும். குளச்சலில் 1741-ல் சிறைபிடிக்கப்பட்டு, பிறகு திருவிதாங்கூருக்கே தளபதியான டச்சுக்காரர் டி லனாய் பார்த்துப் பார்த்துக் கட்டியது. ஆனால் அதன் ஒரு பகுதி கொச்சி மண்ணில் ஓடியது. கொச்சியோ மைசூருக்குக் கப்பம் கட்டும் நாடு. சண்டைக்கு அந்தக் காரணம் ஒன்றே போதும்.

அது போதாதென்று, 1789 ஜூலையில் கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை ஆகிய இரு கோட்டைகளையும் மன்னர் டச்சுக்காரர்களிடம் விலைக்கு வாங்கினார். கொச்சிக்குரிய நிலத்தை விற்க டச்சுக்காரன் யார் என்று கொதித்தார் திப்பு. சென்னைக் கவர்னர் ஜான் ஹாலண்டும் மன்னரைத்தான் கண்டித்தார். கோட்டைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். கல்கத்தாவிலிருந்த கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், மன்னர் நெடுங்காலமாக ஆண்டுவரும் பகுதியைத் தொட்டால் அது கம்பெனி மீதே தொடுத்த போர் என்றார். ஒரே கம்பெனி, ஒரே நண்பர், இரண்டு நிலைப்பாடு.

1789 டிசம்பர் இறுதியில் இரவோடு இரவாகத் திப்புவின் படை மதிலில் ஏறியது. விடிந்ததும் மதிலின் உள்பக்கமாக வாயிலை நோக்கி நகர்ந்தது. மறைந்திருந்த திருவிதாங்கூர் வீரர்களின் ஒரு சிறு கூட்டம் பக்கவாட்டிலிருந்து சுட்டது. முன்னணி திரும்பி ஓட, பின்னால் வந்தவர்கள் மேல் மோதி, கூட்டம் கூட்டமாக அகழியில் விழுந்தார்கள். திப்புவின் பல்லக்கு அகழியிலேயே கிடந்தது. தூக்கியவர்கள் மிதிபட்டுச் செத்தார்கள் என்று எழுதுகிறார் மைசூர் வரலாற்றை எழுதிய கம்பெனி அதிகாரி வில்க்ஸ். மன்னர் செலவில் அங்கே நிறுத்தப்பட்டிருந்த கம்பெனிப் பட்டாளம் அந்தச் சண்டையில் இறங்கவில்லை. மேலிடத்து உத்தரவு இல்லை என்பது காரணம். 1790 ஏப்ரலில் திப்பு பீரங்கிகளோடு திரும்பி வந்து மதிலை உடைத்தார். ஆலுவா வரை வந்த படையைப் பெரியாற்றின் மழைக்கால வெள்ளமும், கம்பெனி போருக்குக் கிளம்பிய செய்தியும் சேர்ந்துதான் திருப்பி அனுப்பின.

கார்ன்வாலிஸின் உறுதியைப் பெருந்தன்மை என்று நான் எண்ணவில்லை. 1784-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் போட்ட சட்டம், கம்பெனியோ அது காக்க ஒப்புக்கொண்ட நட்பு நாடோ தாக்கப்பட்டாலன்றி கவர்னர் ஜெனரல் தாமாகப் போர் தொடங்கக் கூடாது என்றது. உடைந்த நெடுங்கோட்டை அவருக்கு அந்த அனுமதியைக் கொடுத்தது. ஜூன், ஜூலை மாதங்களில் மராட்டியரும் ஹைதராபாத் நிஜாமும் கம்பெனியோடு கைகோத்தார்கள். அவர்களுக்குள்ளும் நோக்கம் ஒன்றல்ல. திப்புவின் இறக்கையை நறுக்கினால் போதும், மைசூர் அழிந்தால் அடுத்து கம்பெனியை யார் தடுப்பது என்பது மராட்டிய அமைச்சர் நானா பட்னாவிஸின் கவலை. நிஜாமுக்கோ இழந்த ஜில்லாக்கள் மேல் கண்.

பாலக்காட்டுக் கோட்டை 1790 செப்டம்பரில் மறுபடி கம்பெனி கைக்கு வந்தது. இம்முறை யாரும் அதை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்பினார். இரண்டு மகன்களைப் பணயமாக அனுப்பினார். நிலத்தைக் கூட்டாளிகள் மூவரும் பங்குபோட்டுக்கொண்டார்கள். பாலக்காடு உள்ளிட்ட மலபார் கம்பெனிக்குப் போனது. எந்த மதிலைச் சாக்காக வைத்து இந்தப் போர் நடந்ததோ, அந்த மதிலின் சொந்தக்காரருக்குப் பங்கு கிடைக்கவில்லை. போர்ச் செலவுக்கென்று அவரிடமே பணம் கேட்டது கம்பெனி. மலபாரும் கம்பெனி வசமான பிறகு திருவிதாங்கூருக்கு வடக்கே எதிரி என்று எவரும் மிச்சமில்லை. ஆனாலும் 1795-ல் புதிய உடன்படிக்கை போட்டு, பாதுகாப்புப் படைக்கென ஆண்டுதோறும் பணம் கட்ட மன்னரை இசைய வைத்தார்கள்.

பாதுகாப்புப் படைப் பணத்தின் பாக்கியைக் கேட்டு நெருக்கிய கம்பெனி ரெசிடென்ட் மெக்காலேயையும், அவரை எதிர்த்து எழுந்த வேலுத்தம்பி தளவாயையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)