பழைய சாகச மாதிரி விமானம்: வாங்குவதா, கட்டுவதா?

ரிமோட்டில் இயங்கும் மாதிரி விமானங்களில், வட்டமடிப்பது, உருள்வது, தலைகீழாகப் பறப்பது ஆகியவற்றைத் துல்லியமாகச் செய்யவே உருவானவை ‘பேட்டர்ன்’ விமானங்கள். அமெரிக்காவின் பில் கிராஃப்ட் 1967இல் உலகப் பட்டம் வென்றது ‘குவிக் ஃபிளை’ விமானத்தில். ஆஸ்திரியாவின் ஹானோ பிரெட்னர் 1977இல் வென்றது ‘குராரே’ விமானத்தில். இரண்டுக்கும் ரசிகர்கள் இன்றும் உண்டு.

ஆயத்த விமானம் பெட்டியில் வரும். இயந்திரம், சர்வோ, ரிசீவர் பொருத்தினால் சில நாள்களில் பறக்கும். ஆனால், உள்ளே பசை சரியாகப் பிடித்திருக்கிறதா என்பது வெளியே தெரியாது. இயந்திரம் தாங்கும் முன்பலகையையும் கீல்களையும் இழுத்துப் பார்க்காமல் பறக்கவிடுவது வீண் துணிச்சல்.

வரைபடத்தை வைத்து பால்சா மரத்தை அறுத்துக் கட்ட மாதக்கணக்கில் ஆகும். இறக்கை சற்று முறுக்கிக்கொண்டாலும் விமானம் நேராகப் பறக்காது. அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

விழுந்து உடையும்போதுதான் வேறுபாடு புரியும். கட்டியவர் அதே வரைபடத்தை விரித்து, உடைந்த துண்டை மட்டும் புதிதாக வெட்டி ஒட்டிவிடுவார். வாங்கியவரோ மாற்று இறக்கை தேடி அலைய வேண்டும். அந்த மாதிரியின் தயாரிப்பு நின்றுபோயிருந்தால் அதுவும் கிடைக்காது. ஆயத்தமாக விற்கப்படாத பழைய வடிவங்களும் பல. அவற்றுக்கு வரைபடமும் கத்தியும்தான் வழி.