கொசுவம்

கொய்தல் என்றால் பறித்தல் மட்டுமல்ல. துணியை மடிப்பு மடிப்பாகச் சேர்த்துப் பிடிப்பதும் கொய்தல்தான். அதிலிருந்து பிறந்தது கொய்சகம். பேச்சில் தேய்ந்து கொசுவம் ஆயிற்று.

கண்டரமாணிக்கம் போன்ற செட்டிநாட்டு ஊர்களில் ஆச்சிமார் கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டினார்கள். மடிப்பு முதுகுப்புறம் விசிறியாக நிற்கும், முன்பக்கம் தட்டையாக இருக்கும். நடையில் எவ்வளவு அழகு! அரக்கு, மஞ்சள், கறுப்புக் கட்டங்கள் கொண்ட இந்தக் காரைக்குடிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஸ்காட்லாந்தின் ஆண்கள் உடுத்தும் கில்ட்டும் கட்டம் போட்ட துணிதான். அதற்கும் கொசுவம் பின்னால்தான். வியப்பு என்னவென்றால், 'கில்ட்' என்பதும் முதலில் வினைச்சொல்: துணியைத் தூக்கிச் செருகுவது. கொய்தலைப் போலவே, செய்யும் வேலையே உடுப்புக்குப் பெயராகியிருக்கிறது.

கட்டத்தைத் தேர்வதில் அங்கே குலமும் உண்டு, படையும் உண்டு. 'பிளாக் வாட்ச்' படையின் கட்டம் கருநீலம், கறுப்பு, பச்சை. அதில் ஒரு மஞ்சள் கோடு சேர்த்து உடுத்தியது, 1994 வரை இருந்த கார்டன் படை. குலக்கட்டம் இல்லாதவரும் பிளாக் வாட்ச் கட்டத்தை உடுத்தலாம். படை கில்ட்டில் ஒவ்வொரு மடிப்பின் முகத்திலும் ஒரே கோடு வந்து நிற்குமாறு கொய்வார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் கட்டம் கலையாதபடி கொய்வார்கள். அணிவகுப்பில் வரிசையாக அசையும் அந்தக் கோடுகளைச் சொல்ல, கொசுவத்தைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை.