எரிந்த அரண்மனையும் எஞ்சிய நாடகமும்

பெங்களூரிலுள்ள டியூடர் பாணி அரண்மனை, 1873-இல் சிறுவராயிருந்த மைசூர் அரசர் பத்தாம் சாமராஜேந்திர உடையாருக்காக வாங்கப்பட்டதாகும். அது இன்றும் நிற்கின்றது. ஆனால், வீணை சேஷண்ணா முதலான கலைஞர்கள் போற்றப்பெற்ற அவ்வரசவையின் தலைமை இருக்கையான மைசூர் மர அரண்மனை அழிந்துபோயிற்று. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சித் தொடக்கத்தில், 1803-இல் கட்டி முடிக்கப்பட்ட அது, 1897-இல் அரச குடும்பத் திருமணத்தின்போது தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்த இன்றைய அரண்மனை 1912-இல் நிறைவெய்தியது.

அவ்வவையின் கலைகளுள் நாடகம் மொழிபெயர்ப்பாளர்கள் தனித்து நோக்கத்தக்கது. 1881-இல் ஆட்சியுரிமை பெற்ற சாமராஜேந்திரர் அரண்மனை நாடகக் குழுவைப் பேணினார். அவைப்புலவர் பசவப்ப சாஸ்திரி (1843-1891) காளிதாசரின் சாகுந்தலத்தைக் கன்னடத்தில் பெயர்த்தார். ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ அவர் கையில் ‘சூரசேன சரித்திரே’ ஆயிற்று.

சாஸ்திரி ஆங்கிலம் அறியாதவர். சி. சுப்பராவ் கன்னடத்தில் ஆக்கித்தந்த உரைநடையைக் கொண்டே அவர் அந்நாடகத்தை இயற்றினார். மூலத்தைப் பொருளுணர்ந்து தந்தவர் ஒருவர். அதற்குச் செய்யுள் நடை தந்தவர் மற்றொருவர். மாந்தர் பெயர்கள் இந்நாட்டுப் பெயர்களாயின. அவையோரின் செவிக்கு இசைதலே பெயர்ப்பின் அளவுகோலாயிற்று.

அவை கூடிய மரமாளிகை எரிந்தது. நாடகப் பனுவல்கள் கன்னட இலக்கியத்தில் நிலைபெற்றன. ஆயினும் அவை பெரும்பாலும் புலவரின் பெயராலேயே பேசப்படுகின்றன. மொழிபெயர்ப்பு வரலாறு எழுதுவோர், மூலத்தைத் திறந்து காட்டிய இடைநிலையாளரின் பெயரையும் உடன் பதிதல் வேண்டும்.